ரவியின் முழங்காலும் மெல்பேண் சம்பந்தமும்

15 ஆகஸ்ட் 1978, செவ்வாய்

மேற்குக் காற்று. விடிய ஐந்து மணிக்கு லிட்கம் ஸ்டேசனில் நிற்க இரண்டு காதும் விறைத்துப் போயின. ஐஸோடு சீவிக்கிறவனுக்குக் குளிரக் கூடாது என்று பில் சொல்வான். பில், சனம் ஐஸில் சறுக்கி ஓடுகிற எங்கள் ஸ்கேற்றிங் றிங்க்கின் மனேஜர். அங்கே ஐஸ் போடுகிறவன் நான். அவனுடைய அறையில் ஹீற்றர் இருக்கிறது.

இரண்டாம் கொம்பிரசர் இருமிக்கொண்டே இருந்தது. பெல்ற் மாற்றினேன். இப்போது இருமல் இல்லை, முனகல் மட்டும். ஐஸ் தடிப்பு ஒன்றேகால் அங்குலம். வாசல் பக்கம் மெல்லிசு, நாளைக்குத் தண்ணீர் விட வேண்டும்.

மகன் ரவி அமெரிக்காவிலிருந்து வந்து ஒன்பது கிழமை. முழங்கால் எப்படி என்று கேட்டால் "பைன்" என்கிறான். இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்றாலும் அதே "பைன்". இருபத்துநாலு வயது. என்னை விட அரை அடி உயரம். வீட்டுக் கதவுகள் எல்லாவற்றிலும் ஒருதரம் தலையை இடித்துவிட்டான்.

மெல்பேண் நடேசபிள்ளையிடமிருந்து கடிதம். சாதகம் நன்றாகப் பொருந்துகிறதாம். பத்துக்கு எட்டு. நான் பரீட்சையில் எட்டு எடுத்ததில்லை, என் மகன் படுத்துக்கிடந்தே எடுத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், அவரும் மனைவியும் மகள் சாந்தியும். சாந்தி மருந்துக் கடையில் வேலை, படித்த பிள்ளை. ஊரில் என்றால் நாங்கள் போய்ப் பெண் பார்க்க வேண்டும். இங்கே பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஆகஸ்டில் குளிர்கிற நாடுதானே.

கடிதத்தின் கடைசி வரி: "மாப்பிள்ளை என்ஜினியர் என்றபடியால் ஒரு தொழில்நுட்பச் சந்தேகமும் கேட்க இருக்கிறது."

அந்த என்ஜினியர் என்னுடைய கைவேலை. மே மாதம் சாதகக் குறிப்பு அனுப்பியபோது 'உத்தியோகம்' என்று ஒரு இடம் இருந்தது. முதலில் பென்சிலால் 'ஐஸ் ஹொக்கி விளையாட்டு வீரர், சம்பளத்துக்கு' என்று எழுதினேன். மனைவி கமலம் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு, "விளையாட்டு எண்டு எழுதினால் பள்ளிக்கூடத்துக்குப் போறவர் எண்டெல்லோ நினைப்பினம்" என்றாள். அழித்தேன். பிறகு பேனையால் 'என்ஜினியர், அமெரிக்கா'. என் கையை யாரும் பிடித்து எழுதவில்லை.

ரவிக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் தேத்தண்ணிக்கு வருகிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

16 புதன்

வாசல் பக்கம் மூன்று தரம் வெந்நீர் விட்டேன். சரி வந்துவிட்டது.

ஞாயிறு கேள்வி வந்தால் சமாளிக்க, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரவியின் உத்தியோக வரலாற்றை எழுதிப் பார்த்தேன்.

முதல் வருடம். கனடா. தெரிவுக்கு எழுபது பேர், இவன் பன்னிரண்டாம் நாள் வெளியே. ஒரு றிங்க்கில் ஐஸ் வழித்து, பின்னேரங்களில் ஊர்க் குழுவில் சும்மா ஆடினான். (பரம்பரைத் தொழிலுக்கு வந்துவிட்டான் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்.)

இரண்டாம் வருடம். மிச்சிகன் பக்கம், மரம் அரிகிற ஒரு ஊர். சம்பளத்துக்கு விளையாட்டு. தொழில்காரன்! ஆறு கோல். பெப்ரவரியில் குழுவே இல்லாமல் போய்விட்டது. பஸ்காரன் தன் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான், உள்ளே இவர்களுடைய தடிகள்.

மூன்றாம் வருடம். இரண்டு ஊர். முதல் ஊர்க்காரர் ஒரு கோல் காப்பாளரையும் ஒரு பெட்டி தடிகளையும் வாங்கிக்கொண்டு இவனை மற்ற ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். பெட்டியில் எத்தனை தடி என்று கேட்டேன். "அப்பா, அதைக் கேக்கக் கூடாது" என்றான். அந்த வருடம்தான் முன்பல் மூன்று போனது.

நாலாம் வருடம். பன்றி இறைச்சித் தொழிற்சாலை ஊர். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் கோல் காப்பாளருக்கு வாந்தி வருமாம். பதினோரு கோல். சனங்களுக்கு இவனைப் பிடித்துவிட்டது. குழுவில் பட்டப்பெயர் 'ரீ பாக்', தேயிலைப் பை. இலங்கையில் பிறந்தவன் என்று யாரோ பேப்பரில் போட்டதால். மார்ச்சில் வலது முழங்கால்.

வாசித்துப் பார்த்தேன். என்ஜினியர் என்று எழுதினதே நல்லது போல இருந்தது.

17 வியாழன்

மழைத் தூறல். கமலத்தின் கட்டளைகள்:

1. ரவியின் ஹொக்கிச் சாமான்கள் கொடியில் தொங்கக் கூடாது. (உண்மையாகவே செத்த ஆட்டு மணம்.)
2. நான் ஐஸ் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன், ஆகவே தொடங்கக் கூடாது.
3. புதுக் கதிரை இரண்டும் விருந்தாளிகளுக்கு.
4. பல்.

நாலாவதைக் குசினியில் வைத்து நேரே அவனுக்கே சொன்னாள்.

"மகன், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பல்லுச் செற்றைக் கழட்டக் கூடாது, சொல்லிப்போட்டன்."

"அது டைற் அம்மா. சாப்பிடேக்க நோகுது."

"அப்ப சாப்பிடாதை."

"தேத்தண்ணிக்கு வாறவைக்கு ஏன் பல்லு?"

"உனக்கு ஒண்டும் விளங்காது. சேட்டும் போடு. அந்தச் சிவப்புப் பெனியன் இல்லை."

அவன் என்னைப் பார்த்தான். நான் பேப்பரைப் பார்த்தேன். வானிலைப் பக்கம். நாளைக்கும் தூறல்.

18 வெள்ளி

தூறல். எனக்குப் பின்னேர வேலை, காலையில் வீட்டில். கமலம் மாவு வறுத்துக்கொண்டிருந்தாள். ரவி நடக்கப் போயிருந்தான். பதினொரு மணியளவில் கதவில் தட்டு. தந்தி.

எங்கள் ஆட்களுக்குத் தந்தி என்றால் சாவு வீடு. யார் போனது என்று, பெயரைக்கூடப் பார்க்காமல் கிழித்தேன். ஒருவரும் சாகவில்லை. பன்றி ஊர் மனேஜரிடமிருந்து, ரவிக்கு. சாரம்:

செப்ரெம்பர் கடைசியில் பயிற்சி தொடக்கம். உன் இடம் இருக்கிறது. முழங்கால் சரியா. புதனுக்குள் பதில்.

கமலம் குசினியிலிருந்து, "ஆரது?" என்றாள்.

"வீடு மாறி வந்தவன்" என்றேன்.

மடித்து வேலைச் சட்டையின் உள்பையில் வைத்தேன். ஏன் என்று எழுதி வைக்கிறேன், பிறகு மறந்து வேறு நியாயம் கண்டுபிடிக்காமல் இருக்க. ஞாயிறு கழியட்டும் என்றுதான். அமெரிக்கா என்ற எண்ணம் இல்லாமல் அவன் அந்தப் பிள்ளையை ஒருதரம் பார்க்கட்டும். பார்த்துப் பிடித்துவிட்டால் இங்கேயே நின்றுவிடுவான். றிங்க்கில் எனக்கு உதவிக்கு ஆள் தேடுகிறான் பில். ஞாயிறிலிருந்து புதனுக்கு மூன்று நாள் இருக்கிறது. களவு இல்லை, தாமதம்.

ஐஸ் போட்டபோது சட்டைப் பைக்குள் கடதாசி சரசரத்துக்கொண்டே இருந்தது.

19 சனி

விடிய ஆறு மணிக்கு ரவி றிங்க்குக்கு வந்தான். சனம் வருவதற்கு முன் தனியே அரை மணித்தியாலம் ஓடுவான். போகும்போது கேட்டான், "அப்பா, எனக்கு ஏதும் காயிதம் வந்ததோ?"

"இல்லை."

தந்தி காயிதம் இல்லையே என்று மனச்சாட்சிக்கு விளக்கம் சொல்லிப் பார்த்தேன். பாஸ் பண்ணவில்லை. எஸ்.எஸ்.ஸி.யையே இரண்டு தரம் பெயில் விட்டவன்.

அவன் போன பிறகு வழக்கம் போல, ஐஸை வழித்து வெந்நீர் விடுகிற ட்ரக்டரை ஏற்ற முன் ஐஸைச் சுற்றிப் பார்த்தேன். ஊரில் மீனுக்கு ஐஸ் அடித்தபோதும், கப்பலில் குளிர் அறை பார்த்தபோதும் ஐஸை யாரும் கீறவில்லை. இங்கே பத்து வருடமாகச் சப்பாத்துக் கத்திகளின் கீறலைத்தான் பார்க்கிறேன். தள்ளுகிற கால் ஆழமாக வெட்டும். பாரம் கொடுக்காத கால் தடவிவிட்டுப் போகும். யார் எந்தக் காலில் ஓடினான் என்று ஓடினவனைப் பார்க்காமலே சொல்வேன். இதற்குச் சேர்ட்டிபிக்கட் இல்லை.

ரவியின் இடது கால் தேங்காய் துருவினது போல. வலது கால் தடவல்.

பேசாமல் ட்ரக்டரை ஏற்றினேன். வெந்நீர் எல்லாவற்றையும் மூடியது.

20 ஞாயிறு

வெயில், நல்ல நாள். மூன்று மணிக்கு வந்தார்கள். ஹோம்புஷில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். நடேசபிள்ளை கோட், கழுத்துப்பட்டி. கணக்காளர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத்தான் எதையும் கேட்பார். மனைவி அதிகம் பேசாத மனிசி. சாந்தி நீலச் சேலை, நேரே பார்த்துக் கதைக்கிற பிள்ளை. எனக்குப் பிடித்துவிட்டது. என் பிடிப்பை யார் கேட்டார்.

ரவி சேட் போட்டிருந்தான். பல் இருந்தது.

தேத்தண்ணி வர முன்னமே நடேசபிள்ளை கண்ணாடியைத் துடைத்தார். "தம்பி, எங்கட ஒபீசுக்குக் கீழ ஒரு குளிர் அறை இருக்கு. கதவைச் சுத்தி ஐஸ் கட்டுது. என்ன காரணம்?"

ரவி என்னைப் பார்த்தான். நான், "கதவு றப்பர் போயிருக்கும், ஈரக் காத்து உள்ளுக்கு வரும்" என்றேன்.

"நான் தம்பியைக் கேட்டனான்."

"அப்பாவுக்குத்தான் தெரியும் அங்கிள். எனக்கு ஐஸில ஓட மட்டும்தான் தெரியும்" என்றான் ரவி.

அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். கமலம் ஓடிப்போய்ப் பலகாரத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அதுதான் பிழை. முறுக்கு நன்றாக வந்திருந்தது, கல்லுப் போல. ரவி ஒன்றைக் கடித்தான். முகம் சுளித்தது. பிறகு நாலு வருடமாக ஆண்பிள்ளைகளோடு அறையில் சீவித்தவன் செய்கிற மாதிரியே, பல்லைக் கழற்றித் தேத்தண்ணிக் கோப்பையின் பீரிசில் வைத்துவிட்டு மிச்சத்தைக் கடைவாயால் கடித்தான்.

சாந்திக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

"எப்பிடி உடைஞ்சது?" என்று கேட்டாள்.

"பக் பட்டது. அந்த றப்பர் வட்டு. ஐஸில அடிக்கிறது."

"விளையாடேக்கையோ?"

"ஓம். ஹொக்கி. அதுதானே என்ர வேலை."

நடேசபிள்ளை கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "வேலை எண்டு... பொழுதுபோக்கோ?"

"இல்லை அங்கிள். வேலை. நாலு ரீமுக்கு விளையாடியிருக்கிறன். சின்ன லீக்தான்."

"அப்ப என்ஜினியர்?"

"ஆர் என்ஜினியர்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பீரிசில் இருந்த பல் உட்பட.

"நான்தான் எழுதினனான்" என்றேன்.

"நான்தான் எழுதச் சொன்னனான்" என்றாள் கமலம். இருபத்தாறு வருடத்தில் ஒரு பிழையில் அவள் பங்கு கேட்டது இதுதான் முதல்.

ரவி சிரித்தான். முன்பல் இல்லாத சிரிப்பு. ஆனால் காது சிவந்துவிட்டது. சின்னனிலிருந்து அழுகை வந்தால் காதுதான் சிவக்கும். "சம்பந்தம் பேசத்தானோ இவை வந்தவை?" என்றான். பிறகு என்னிடம், மெல்ல: "அப்பா, நான் ஐஸுக்கு வரேக்க எழும்பிக் கை தட்டினவை அந்தச் சனம். உங்களுக்கு அதை ஒரு பேப்பரில எழுத ஏலாமல் போச்சே?"

பீரிசை அவன் பக்கம் தள்ளினேன்.

சாந்தி, "படம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டாள். ரவி எழும்ப, நடேசபிள்ளையும் எழும்பினார். "வா பிள்ளை, நேரமாகுது." போகும்போது கமலம் கட்டிக் கொடுத்த பலகாரப் பொதியை வேண்டாம் என்று சொல்லவில்லை. பண்பான மனிதர்.

21 திங்கள்

எட்டு மணிக்கே ரெலிபோன். நடேசபிள்ளையின் உறவினர். சாதகத்தைத் திரும்பவும் பார்த்தார்களாம், செவ்வாய் இடைஞ்சலாக இருக்கிறதாம். ஒரு கிழமைக்குள் செவ்வாய் வீடு மாறிவிட்டது. பத்துக்கு எட்டு எவ்வளவு ஆனது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவரும் பொய், நானும் பொய். அவருடையது மரியாதையான பொய்.

கமலம் ஒரு மணித்தியாலம் அவர்களைத் திட்டினாள். பிறகு, "அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை" என்றாள்.

மத்தியானம் தந்தியை எடுத்து ரவியிடம் கொடுத்தேன். கொல்லைப்புறத்தில் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு தரம் வாசித்தான்.

"வெள்ளிக்கிழமை வந்திருக்கு."

"ஓம்."

"நேற்று அவை வருவினம் எண்டோ ஒளிச்சனியள்?"

"ஓம்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை. இது முழுக்க என்ர."

ஏசுவான் என்று இருந்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும். எழும்பிப் போய்விட்டான். இரண்டு மணித்தியாலம் காணோம். கமலம் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தாள். நான் செய்ததைச் சொன்னேன். "நீங்கள் ஒரு..." என்று தொடங்கி, சொல் கிடைக்காமல் குசினிக்குள் போய்ச் சட்டி தேய்த்தாள். நல்ல பலமாக.

பின்னேரம் வந்தான். சப்பாத்தைக் கழற்றும்போது, என்னைப் பார்க்காமல்:

"நாளைக்கு விடிய வாறன். புது ஐஸ் போட்டு வையுங்கோ. ஓடி முடிய நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ. கால் காணுமோ காணாதோ எண்டு."

"டொக்டரிட்டைக் கேளன்."

"டொக்டர் காலைத்தான் பார்ப்பார். நீங்கள் ஐஸைப் பார்ப்பியள்."

22 செவ்வாய்

காலை நாலரைக்கே போய்விட்டேன். வாழ்க்கையில் போட்ட ஐஸ்களில் நல்ல ஐஸ். கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டே யோசனை. நல்லது என்று சொன்னால் போய்விடுவான். காணாது என்றால் நிற்பான். நிற்க வேண்டும் என்று தந்தியை ஒளித்தவன் நான். என் கண்ணை நானே நம்பக் கூடாது.

அவன் நாற்பது நிமிடம் ஓடினான். ஓட்டம், நிறுத்தம், பின்னோக்கி, திரும்பவும். நான் முதுகு காட்டி நின்றேன். சத்தம் மட்டும். ஒரு கால் 'கரக்', மறு கால் 'சர்'. கேட்கக் கூடாது என்று சுவரில் ஓடுகிற பைப்புகளை எண்ணினேன்.

பில் வந்தான். ஐஸைக் காட்டி, இதில் என்ன தெரிகிறது என்றேன். "எனக்குக் கீறல் விழுந்த ஐஸ் தெரிகிறது, நண்பா" என்றான். இவன் மனேஜர்.

பிறகு யோசனை வந்தது. தீப்பெட்டி எடுத்தேன். முழந்தாளிட்டு, இடது கால் வெட்டின கோட்டில் தீக்குச்சியை நட்டேன். நின்றது. பத்து இடத்தில் பார்த்தேன், பத்திலும் நின்றது. வலது கால் கோட்டில் நட்டேன். விழுந்தது. வேறு இடம். விழுந்தது. பத்தில் ஐந்து விழுந்தது. எனக்கு எது வேண்டும் என்று தீக்குச்சிக்குத் தெரியாது. அதற்கு மகனும் இல்லை.

ரவி தடுப்பில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன சொல்லுது?"

"இடதில பாதிதான் வலது."

"பாதி."

"பாதிக்குக் கொஞ்சம் மேல எண்டும் சொல்லலாம்."

"வேண்டாம் அப்பா. பாதி." தலையை ஆட்டினான். "நான் மட்டும்தான் அறிஞ்சது எண்டு நினைச்சன்."

"எனக்குச் சனிக்கிழமையே தெரியும்."

"நீங்கள் நிறைய விஷயம் வச்சிருக்கிறியள்." சிரித்த மாதிரித்தான் சொன்னான்.

தபால் கந்தோருக்கு அவனோடு போனேன். உள்ளே அவன்தான் எழுதினான். நான் வாசலில். பிறகு கேட்டேன் என்ன எழுதினாய் என்று.

"முழங்கால் பாதி. நவம்பருக்குள்ள சரியாகும். இடம் வச்சிருந்தால் வாறன்."

"சரி எண்டு மட்டும் போட்டிருக்கலாமே?" இதைச் சொன்னது நான். எனக்கே திடுக்கென்றது.

"முதல் நாள் பயிற்சியிலயே தெரிஞ்சிடும் அப்பா. அவனும் ஐஸில நிண்ட மனிசன்தானே."

23 புதன்

காற்று திரும்பவும். அமோனியா கேஜ் கொஞ்சம் கூடக் காட்டுகிறது. கவனிக்க.

பதில் இல்லை. அங்கே இன்னும் செவ்வாய் என்று ரவி சொன்னான். இரவு சாப்பாட்டில் மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைப் பார்க்காமல் சாப்பிட்டோம். பருப்பு நல்லாயிருந்தது. சொன்னேன். கமலம் இன்னொரு கரண்டி போட்டாள்.

கமலம் சாமிப் படத்துக்கு முன் நெடுநேரம் நின்றாள். என்ன கேட்டாய் என்றேன்.

"என்ன கேக்கிறது எண்டு தெரியேல்லை. இடம் வேணும் எண்டு கேட்டால் போயிடுவான், வேண்டாம் எண்டு கேட்டால் முகம் வாடிப்போகும். விளக்கை மட்டும் கொளுத்திப்போட்டு வந்திட்டன்."

24 வியாழன்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அறுபது பேர் றிங்க்கில். அறுபது பேரும் விழுந்தார்கள். ரவி எழுப்பி எழுப்பி விட்டான். ரீச்சர் அவனிடம், எங்கே பழகினாய் என்று கேட்டது காதில் விழுந்தது. "இங்கதான். அப்பாவின் ஐஸில்" என்றான், ஆங்கிலத்தில். நான் பெல்ற் பார்க்கிற சாட்டில் இயந்திர அறைக்குள் போய்விட்டேன்.

பதில் இல்லை.

25 வெள்ளி

பத்து மணிக்கு பில்லின் ரெலிபோனில் கமலம்.

"தந்தி வந்திருக்கு. மேசையில கிடக்கு. நான் தொடேல்லை. நீங்கள் வந்து எடுங்கோ. திறந்தியள் எண்டால் பிறகு என்னைத் தெரியும்."

ரெயிலில் வீட்டுக்குப் போய், எடுத்துக்கொண்டு திரும்ப ரெயில். திறக்கவில்லை. வெளிச்சத்துக்குப் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. சரி, ஒருதரம் பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. எதிரே இருந்த கிழவர், "கெட்ட செய்தியா?" என்றார். "இது எனக்கு வந்த தந்தி இல்லை" என்றேன்.

ரவி ஐஸின் நடுவில். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாமல், தெருச் சப்பாத்தோடு, தந்தியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஐஸுக்குள் நடந்தேன். பத்து வருடமாக மற்றவர்களுக்கு 'சப்பாத்தோடு இறங்காதே' என்று போர்ட் எழுதி வைத்தவன். அஞ்சாறு அடி போனேன். பிறகு கூரை தெரிந்தது.

சர்ரென்று வந்து நின்றான். இடது காலில். "அப்பா! தலை அடிச்சதோ?"

"இல்லை. பிடி. திறக்கேல்லை."

குந்தியிருந்தே கிழித்தான். நான் மல்லாந்தபடி அவன் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காது சிவந்தது.

"வேற ஆளை எடுத்திட்டினம்" என்றான். "நல்லா விளையாடினாய், நன்றி எண்டு போட்டிருக்கு."

வாயைத் திறந்தால் பொய்யாக வரும் என்று பயம்.

"எழும்புங்கோ அப்பா. கால்சட்டை நனையுது."

கக்கத்தில் பிடித்துத் தூக்கித் தடுப்பு வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டான். ஹொக்கியில் காயம்பட்டவர்களை இப்படித்தான் கொண்டுவருவார்களாம். பிறகு திரும்பிப் போய் இன்னும் அரை மணித்தியாலம் ஓடினான். வலது காலால்தான் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

நான் போன வெள்ளி ஆசைப்பட்டது இந்த வெள்ளி நடந்துவிட்டது. இரவு சாப்பாடு இறங்கவில்லை. இடுப்பும் நோகிறது.

26 சனி

இடுப்பு நீலம். கமலம் நல்லெண்ணெய் தடவினாள், தேவைக்கு மேல் அழுத்தி.

ரவி பதினொரு மணி வரை படுக்கை. எழும்பி வந்து மூன்று முட்டை சாப்பிட்டான். பில் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தான், உதவி ஆள் வேலை ரவிக்கு என்றால் நாளைக்கே கொடுப்பேன் என்று. ஒளிக்காமல், உடனே, சொல்லப்பட்ட மாதிரியே ரவிக்குச் சொன்னேன்.

"யோசிக்கிறன். வருசம் முழுக்கவோ?"

"உனக்கு ஏலுமான மட்டும்."

"நவம்பரில கால் சரியெண்டால் எழுதிப் பார்க்க இன்னும் மூண்டு ரீம் இருக்கு அப்பா. நடு வருசத்தில ஆரும் காலை உடைச்சால் ஆள் தேவைப்படும்."

யாரோ ஒரு அம்மாவின் பிள்ளை கால் உடைப்பதற்காகக் காத்திருக்கிற தொழில். இதைச் சொல்லவில்லை. மூன்று கடிதம் எழுதினான். முத்திரை ஒட்டித் தபாலில் போட என்னிடமே தந்தான். நம்பிக்கையா, சோதனையா தெரியாது. ஓடாத குறையாகப் போய்ப் போட்டுவிட்டு, பெட்டிக்குள் விழுந்த சத்தமும் கேட்டுவிட்டு வந்தேன்.

உள்ளூர்க் குழுவில் நாளைக்கு ஆள் குறைவாம், வந்து கேட்டார்கள். சம்பளம் இல்லை, கடைசியில் சொசேஜ் உண்டு. அரை நேரம் விளையாடுகிறேன் என்றான்.

கமலம்: "நானும் வாறன்."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். பத்து வருடத்தில் அவள் றிங்க்குக்குள் வந்ததில்லை. அடிபடுவதைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

27 ஞாயிறு

வெளியே வெயில், உள்ளே என் வேலையின் புண்ணியத்தில் குளிர். கமலம் சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெற்றர், அதற்கு மேல் "உங்கட கோட்டும் தாங்கோ" என்றாள். அவள் நான் போட்டிருந்த கோட்டைத்தான் சொல்கிறாள் என்று பிறகுதான் விளங்கியது. நான் நடுங்கிக்கொண்டு பார்த்தேன்.

மூன்று மணிக்குத் தொடக்கம். சனம் இருநூறு வரும். ரவியின் முழங்காலில் இரண்டு சுற்றுப் பட்டி. முதல் பத்து நிமிடம் மெதுவாக. பிறகு ஒரு வெட்டு வெட்டி இரண்டு பேரைத் தாண்டினான். பின்னால் யாரோ, "அந்தப் பன்னிரண்டாம் நம்பர் யார்?" என்றார். நான் திரும்பி, "என் மகன். அமெரிக்காவில் சம்பளத்துக்கு விளையாடினவன்" என்றேன். கேட்டது ஒரு வரி, நான் சொன்னது நாலு வருடக் கதை. கமலம் முழங்கையால் இடித்த பிறகுதான் நிறுத்தினேன்.

கோல் அடிக்கவில்லை. ஒன்று கம்பத்தில் பட்டது. இரண்டாம் பகுதியில் எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவன் இவனுடைய வலது காலைத் தடியால் தட்ட, இவன் திரும்பி அவனைத் தடுப்போடு சேர்த்து ஒரு இடி. றிங்க் முழுக்க அதிர்ந்தது. விசில். நடுவர் கையை நீட்டி வெளியே போ என்றார். இரண்டு நிமிடம் விளையாடாமல் வெளியே இருக்க வேண்டும், அதுதான் தண்டனை. எங்கள் பக்கத்துச் சனம் எல்லாம் நடுவரைக் கூவியது. நானும் எழும்பி நின்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதியை அந்த மனிதருக்குக் கொடுத்தேன்.

ரவி தண்டனைப் பெட்டிக்குள் போய் அங்கே கிடந்த வாங்குப் பலகையில் இருந்து காலை நீட்டினான். அவனுக்கு ஒரு துவாயும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்தார்கள்.

கமலம் என் கையைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

"கத்தாதேங்கோ. நல்ல ஆக்கள். பிள்ளைக்குக் கால் நோகுது எண்டு பார்த்து இருக்க விட்டிருக்கினம்."